கிர்ர் பாட்டு

தாய்மாமனை மூன்று வாரத்துக்கு முன்பே பதிவு செய்துவிட வேண்டும். கடைசி நேரத்தில் போய் நின்றால் கிடைக்காது. செம்பொழிலில் மொத்தமே நான்கு தாய்மாமன்கள்தான். அதிலும் ஒருவருக்கு முழங்கால் மடங்காது. மடி இல்லாத தாய்மாமனை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

செம்பொழில் இருந்தது செவ்வாயில். பெயரில்தான் பொழிலே தவிர, ஊரில் ஒரு புல் கிடையாது. கண்ணாடிக் கூரைக்கு அடியில் நாற்பதாயிரம் பேர் இருந்தார்கள். மூச்சுக் காற்றுக்கு அளவு உண்டு என்பதால் வீட்டுக்கு ஒரு பிள்ளைதான் என்று சட்டம். இரண்டு தலைமுறை இப்படியே போனதில் அண்ணன், தம்பி, அக்கா, தங்கை எல்லாம் அகராதிக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்கள். அம்மாவுக்கு உடன்பிறப்பே இல்லையென்றால் பிள்ளைக்குத் தாய்மாமன் எங்கிருந்து வருவான்? ஆனால் நம் ஆட்கள் லேசுப்பட்டவர்களா! எத்தனை கோடி கிலோமீட்டர் தள்ளி வந்தாலும் காதுகுத்து தாய்மாமன் மடியில்தான் என்று ஒற்றைக் காலில் நின்றார்கள். ஊராட்சி பார்த்தது. நான்கு இயந்திரங்களுக்கு வேட்டி கட்டி, மடியில் மெத்தை வைத்து, "மாமா இருக்கேன்ல" என்று சொல்லப் பழக்கி, பதிவுக்கு விட்டுவிட்டது.

பதிவுப் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. மாமா அம்மாவுக்கு அண்ணனா, தம்பியா? மகளின் காதுகுத்துக்குப் பதிவு செய்ய வந்த வாகினி யோசிக்காமல் அண்ணன் என்று குறித்தாள். கணவன் சேந்தன் ஏன் என்று கேட்டதற்கு, சின்ன வயதிலிருந்தே தனக்கு ஓர் அண்ணன் வேண்டும் என்று ஆசை, அரை நாளாவது இருக்கட்டுமே என்றாள்.

காதுகுத்து என்றால் அங்கே கம்மல் போடுவது அல்ல. செவிமணி வைப்பது. அரிசி அளவில் ஒரு மணி. காதுக்குள் போய் எலும்போடு ஒட்டிக்கொண்டால் உயிர் உள்ளவரை அது வெளியே வராது. அது இல்லாமல் அந்த ஊரில் வாழ முடியாது. காற்று செய்யும் மூச்சாலை இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த இரைச்சலைச் செவிமணி இல்லாமல் வருடக் கணக்கில் கேட்டால் நரம்பு பட்டுப்போய்விடும். ஆறு வயது வரைதான் தாங்கும். அதற்கு முன்பே வைத்தாலோ, வளரும் எலும்பு மணியைத் தள்ளிவிடும். ஆகவே ஆறு நிறைந்த அன்று காதுகுத்து.

மணி இல்லாத பிள்ளைகள் இரைச்சலுக்கு மேல் தொண்டை கிழியக் கத்தித்தான் பேசுவார்கள். பெரியவர்களுக்கு அது பக்கத்தில் உட்கார்ந்து கிசுகிசுப்பது போலக் கேட்கும். எந்தச் சத்தம் வந்தாலும் கேட்பவர் மனம் நோகாத அளவில் மாற்றித் தருவதுதான் மணியின் வேலை. கிழிந்த சத்தத்தைத் தைக்கும். பாதியில் நின்றதை நிரப்பும். சுருதி விலகினால் இழுத்துக்கொண்டு வந்து சேர்க்கும். பாட்டாக இருந்தால் அவரவர் ருசிக்குத் திருப்பிக் கொடுத்துவிடும். சேந்தன் கல்யாணத்தில் இருநூறு பேர் இருநூறு பாட்டுக்கு ஆடினார்கள். யாரும் யாருடைய காலையும் மிதிக்காமல் இருந்ததுதான் ஆச்சரியம்.

அந்தந்தக் காதின் ருசி எது என்று மணிக்கு எப்படித் தெரியும்? அதற்குத்தான் சுவைவித்து. காதுகுத்தும்போது, அந்தப் பிள்ளையின் மனசு எந்தச் சத்தத்துக்கு அதிகமாகத் துள்ளுகிறது என்று அளந்து, அதை மணிக்குள் விதைத்துவிடுவார்கள். அதன்பிறகு உலகத்தில் உள்ள எல்லா இசையும் அந்த வித்தின் பக்கமாகத்தான் சாயும். விதைத்த சத்தத்தின் மேல் மட்டும் மணி கை வைக்காது. அதை உள்ளது உள்ளபடியே விட்டுவிடும்.

சேந்தனின் வித்து ஒரு சுத்தியல் சத்தம். அவன் அம்மா பட்டறையில் வேலை பார்த்தவள். தொட்டிலையும் அங்கேதான் கட்டியிருந்தாள். காதுகுத்தியவர் அளந்து பார்த்துவிட்டு, போயும் போயும் இதையா விதைப்பது, புல்லாங்குழல் ஏதாவது எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டாராம். அவனுக்கு எது பிடிச்சிருக்கோ அதைப் போடுங்க என்று சொல்லிவிட்டாளாம் அம்மா. இந்தக் கதையை அவள் சாகும்வரை சிரித்துக்கொண்டே சொல்வாள்.

சுத்தியல் வித்து விழுந்தவனுக்கு வேறு என்ன பிடிக்கும்? பத்தொன்பது வயதில், யாரும் உரிமை கேட்டு வராத பெட்டிகளை ஊராட்சி வழித்து எறிந்தபோது, அவன் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தான். உள்ளே ஓர் இசைத்தட்டு, அதைச் சுழற்றும் கருவி, முழங்கால் உயரத்தில் ஒரு ஸ்பீக்கர். தட்டின் உறையில் நான்கு பேர் அழுக்கு பனியனோடு நின்றார்கள். எண்ணூர் அனல்மின் நிலையத்தில் சாம்பல் அள்ளும் வேலை முடிந்ததும் கிட்டாரையும் டிரம்ஸையும் எடுத்தவர்களாம். குழுவின் பெயர் கொதிகலன். ராக் இசை. சேந்தன் முள்ளைத் தூக்கி வைத்தான். "சங்கு ஊதுது, சங்கு ஊதுது, எழுந்திரிடா சாம்பலே" என்று ஒரு குரல் கிளம்பியதும் அவனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. தன்னை யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல இருந்தது. அன்றைக்கு உட்கார்ந்தவன்தான், பதினைந்து வருடமாக எழுந்திருக்கவில்லை.

ஆனால் தனியாக எவ்வளவு நாள் கேட்பது? கல்யாணமான முதல் வாரத்தில் வாகினியை உட்கார வைத்துத் தட்டைச் சுழலவிட்டான். டிரம்ஸ் அடித்து நொறுக்குகிற இடத்தில் அவள் கண்ணை மூடிக்கொண்டு, ரொம்ப மென்மையாக இருக்கிறது, தூக்கம் வருகிறது என்றாள். அவள் வித்து மழைச் சத்தம். பாவம், அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்கு அப்படித்தான் கேட்டது. மூச்சாலையில் கூட வேலை பார்த்தவர்களையும் கூப்பிட்டுப் பார்த்தான். எல்லாருக்கும் பிடித்தது. எல்லாருக்கும் வேறு வேறாகப் பிடித்தது. காது வலிக்குதுடா, நிறுத்துடா என்று ஒருவனாவது சொல்லியிருந்தால் சேந்தன் அவன் காலைத் தொட்டுக் கும்பிட்டிருப்பான். தான் கேட்பதையே இன்னொருவரும் கேட்க வேண்டும். அதற்குமேல் அவன் வாழ்க்கையில் எதற்கும் ஆசைப்படவில்லை.

அதனால்தான் மகள் தும்பைக்கு ஆறு நிறைய மூன்று வாரம் இருக்கும்போது அவனுக்குச் சோறு இறங்காமல் போனது. வீட்டில் மணி இல்லாத காது அவள் ஒருத்தியுடையதுதான். இருப்பதை இருப்பது போலக் கேட்கும் காது. இந்த மூன்று வாரத்துக்குள் கொதிகலன் அவள் மனசில் விழுந்துவிட்டால், வித்தாகவே விழுந்துவிட்டால், சாகும்வரை இரண்டு பேரும் ஒரே பாட்டைக் கேட்கலாம். தவறிவிட்டால் அவளும் இன்னொரு மழைச் சத்தத்துக்குள் போய்விடுவாள். அப்புறம் அவன் தனி, அவள் தனி.

வேலை முடிந்து வந்ததும் தினமும் அறைக் கதவைச் சாத்திவிட்டு இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். முதல் நாள் தும்பை ஸ்பீக்கரையும் அப்பாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். சேந்தன் கண்ணை மூடித் தலையை ஆட்டினான். தொடையில் தாளம் தட்டினான். வழக்கம்போல அவனும் சேர்ந்து பாடினான். தனக்கு நல்ல குரல் என்பதில் அவனுக்குச் சந்தேகமே கிடையாது. வாகினியும் அதைத்தான் சொல்வாள். பாட்டு முடிந்து கண்ணைத் திறந்தபோது தும்பை அவன் முழங்காலில் கையை வைத்துக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு வாட்டி, அப்பா."

சேந்தனுக்குக் கண் கலங்கிவிட்டது.

இரண்டாவது நாளே அவள் அதற்குப் பெயர் வைத்துவிட்டாள். கிர்ர் பாட்டு. கிட்டாரின் உறுமலைத்தான் சொல்கிறாள் என்று சேந்தனுக்குப் பெருமை பிடிபடவில்லை. ஆறு வயதுகூட ஆகவில்லை, அதற்குள் எதைப் பிடித்துக்கொண்டாள் பார் என்று வாகினியிடம் போய்ச் சொன்னான். வாகினிக்கு இதில் பெரிதாக ஒன்றும் புரியவில்லை. அப்பாவும் மகளும் சிரிக்கிறார்கள், போதும் என்று இருந்தாள். சாப்பிடும்போது தும்பை தட்டின் விளிம்பில் விரலால் தட்டினாள். அது சேந்தன் தொடையில் தட்டும் அதே தாளம். கடைசி அடிக்கு முன்னால் அவன் கொஞ்சம் தாமதிப்பான். அந்தத் தாமதம்கூட அவள் விரலில் இருந்தது.

நாளாக நாளாக அவள் இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள். சில நேரம் ஸ்பீக்கர் மேல் காதை ஒட்ட வைத்துக்கொள்வாள். சில நேரம் அவன் முதுகில் காதை அமுக்கிக்கொண்டு, "சத்தமா பாடு அப்பா" என்பாள். ரகசியம் சொல்வது போல மெதுவாகக் கேட்கும் அது. சேந்தன் சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பாடுவான். அந்த மூன்று வாரத்தில் அவன் இருந்த சந்தோஷத்தை வேறு யாராவது பார்த்திருந்தால் கண் பட்டிருக்கும்.

காதுகுத்து அன்று காலையிலேயே தாய்மாமன் வந்துவிட்டார். புது வேட்டி கட்டியிருந்தார். வாசலில் நின்று, "என்ன மாப்ள, சௌக்கியமா?" என்று கேட்டார். வாகினி அவருக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவரால் குடிக்க முடியாது என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆறிப்போகும்வரை அதை எடுக்காமல் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

செவிமணி நிலையத்தில் காதுகுத்தும் பெண்ணின் பெயர் ரோசலின். நிதானமான பெண். ஒரு நாளைக்கு ஒரு பிள்ளைக்குத்தான் வைப்பாள். பிள்ளைக்குப் பிடித்த சத்தம் எதுவோ அதைக் கையோடு கொண்டுவரலாம் என்று சொல்லியிருந்ததால், சேந்தன் தட்டையும் கருவியையும் ஸ்பீக்கரையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். தும்பை மாமாவின் மடியில் உட்கார்ந்தாள். தலையில் ஒரு கவசத்தை வைத்து ரோசலின் சத்தங்களை ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினாள். பக்கத்தில் ஓர் அளவுமானியின் முள் அசைந்தது. குழலுக்குக் கொஞ்சம் அசைந்தது. தண்ணீர்ச் சத்தத்துக்கு இன்னும் கொஞ்சம்.

"ராக் போடுங்கம்மா," என்றான் சேந்தன். "கொதிகலன்னு தேடுங்க. இருக்கும்."

இருந்தது. ரோசலின் அதே பாட்டைக் கவசத்துக்குள் விட்டாள். தும்பை திடுக்கிட்டுப்போய் இரண்டு கையாலும் கவசத்தைத் தள்ளிவிட்டாள். இது என்ன, வேண்டாம் என்று அழுதாள். முள் அடியில் போய் ஒட்டிக்கொண்டது. "மாமா இருக்கேன்ல மருமகளே," என்றார் மாமா. கவசத்தில் கோளாறு, வீட்டுத் தட்டையே போடலாம் என்றான் சேந்தன். அவசர அவசரமாகத் தட்டின் மேல் முள்ளை வைத்தான். மகளுக்குத் தைரியம் வரட்டும் என்று எப்போதும் போலத் தொடையில் தட்டிக்கொண்டு கூடவே பாடவும் செய்தான்.

தும்பையின் அழுகை சட்டென்று நின்றது. சிரித்தாள். அளவுமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டு அங்கேயே துடித்தது.

"பாத்தீங்களா!" என்றான் சேந்தன்.

ரோசலின் முள்ளைப் பார்க்கவில்லை. அறையின் காற்றில் உண்மையில் என்ன சத்தம் இருக்கிறது என்று காட்டும் திரை ஒன்று அவள் மேசையில் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டு முடியும்வரை காத்திருந்துவிட்டு அவனைத் தனியாகக் கூப்பிட்டாள். வாகினியும் கூட வந்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். இந்த ஸ்பீக்கர்லேர்ந்து பாட்டே வரல."

"எனக்கு நல்லா கேக்குதேம்மா."

"உங்களுக்குக் கேக்கும். எனக்கும் கேக்குது. நமக்கு மணி இருக்கு. பாப்பாவுக்கு இல்லையே."

ஸ்பீக்கரின் முன்துணியை அவள் நீக்கிக் காட்டினாள். உள்ளே கூம்புத்தாள் நாராகக் கிழிந்து தொங்கியது. பூமியிலிருந்து வரும் வழியிலேயே கிழிந்திருக்க வேண்டும். செவ்வாயில் அது ஒரு நாளும் பாடியதில்லை. முள் ஓடும்போது கிழிந்த தாள் அதிர்ந்து கிர்ர் என்று உறுமும், அவ்வளவுதான். அந்த உறுமலை வைத்துப் பாட்டு எது என்று கண்டுபிடித்து, கிட்டாரையும் டிரம்ஸையும் குரலையும் சேமிப்பிலிருந்து எடுத்து நிரப்பிக் கொடுத்தது சேந்தனின் மணி. பதினைந்து வருடமாக அது அவன் காதுக்குள் மட்டும் நடந்த கச்சேரி.

ஆலை இரைச்சலையும் பிள்ளையின் சத்தத்தையும் கழித்ததும் திரையில் மூன்று கோடுகள் மிஞ்சின. ரோசலின் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். முதல் கோடு கிழிந்த தாளின் உறுமல். இரண்டாவது தொடையில் தட்டுவது. மூன்றாவது கோட்டைத் தொட்டுவிட்டுக் கொஞ்சம் தயங்கினாள். ஓர் ஆணின் குரல். கோடு ஏறவும் இறங்கவும் தெரியாமல் அலைந்தது. சுருதி எங்கேயும் நிற்கவில்லை.

"இந்த மூணாவது கோடு வரும்போதுதான் சார் பாப்பாவோட முள்ளு சிவப்புக்குப் போகுது."

சேந்தன் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். இதுவா நான் பாடுவது? வாகினி அவன் பக்கம் திரும்பி, எனக்கு நல்லாத்தானே கேட்டது என்று மெல்லச் சொன்னாள். ஆறுதலுக்குத்தான் சொன்னாள். அவனுக்கு அதுதான் சுருக்கென்று தைத்தது.

மூன்று வாரம் தன் பெண்ணைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கிழிந்த தாளையும் கட்டைக் குரலையும் கேட்க வைத்திருக்கிறான். அவளும் முகம் சுளிக்காமல் கேட்டிருக்கிறாள். இந்தக் குப்பையைத்தான் ராக் என்று நினைத்துத் தலையாட்டியிருக்கிறாள். அவமானத்தில் அவனுக்கு முகம் வெந்தது. அதற்கு மேலே ஒரு பரிதாபமும் வந்தது. பாவம் குழந்தை, நல்லது எது என்றே அவளுக்குத் தெரியாமல் போய்விட்டதே என்று நினைத்தான். இத்தனை புத்திசாலித்தனமான நினைப்பு ஓர் அப்பாவுக்கு வந்துவிட்டால் பிள்ளையைக் காப்பாற்ற யார் இருக்கிறார்கள்?

ரோசலின் படிவத்தை நீட்டினாள். அதில் ஒரு கட்டம். குழந்தையின் விருப்பம். கீழே சின்ன எழுத்தில், பெற்றோர் நிரப்ப வேண்டியது. அளவுமானி சொல்வது ஒன்று, பெற்றோர் எழுதுவது ஒன்று என்றால், எழுதியதுதான் செல்லும். சட்டம் அப்படி. அந்த மூன்று கோட்டையும் அப்படியே விதைத்துவிடலாம், ஆசைப்பட்டுக் கேட்கிற சத்தம், மணி அதைத் தொடவே தொடாது என்று ரோசலின் சொன்னாள்.

"வேணாம்மா. ராக்னு போடுங்க. கொதிகலன். நல்ல பதிவா பாத்துப் போடுங்க."

"பாப்பா அதுக்கு அழுதாங்களே சார்."

"பழகிட்டா பிடிக்கும்."

விதைத்தால் பழக வேண்டிய அவசியமே இருக்காது, பிடித்தே தீரும் என்றாள் ரோசலின். பிறகு இன்னொரு முறை, யோசித்துத்தான் சொல்கிறீர்களா என்று கேட்டாள். சேந்தன் யோசிக்காமலா இருந்தான்? ஆயுள் முழுக்க மகளும் தானும் ஒரே பாட்டைக் கேட்கப்போகிறோம் என்பதைத்தான் அவன் யோசித்தான். கட்டத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டான்.

மாமாவின் மடியிலிருந்து தும்பை எட்டிப் பார்த்தாள். "அப்பா, நம்ம கிர்ர் பாட்டு வை."

"அதைவிட நல்ல பாட்டு வரப்போகுதுடா கண்ணு."

"எறும்பு கடிச்ச மாதிரிதான் மருமகளே," என்றார் மாமா.

மணி உள்ளே போனதும் தும்பை அழவில்லை. திகைத்துப்போய்ச் சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறந்ததிலிருந்து காதில் இருந்த இரைச்சல் நின்றுபோயிருந்தது. அம்மா, ஏதோ போயிடுச்சு என்று சொன்னாள். அவள் பிறந்ததிலிருந்து முதல் தடவையாக மெதுவாகப் பேசினாள்.

வீட்டுக்கு வந்த கையோடு சேந்தன் கதவைச் சாத்திவிட்டுத் தட்டைச் சுழலவிட்டான். சங்கு ஊதியது. டிரம்ஸ் விழுந்தது. தும்பையின் கண் அகன்றது. அவள் எழுந்து நின்று குதித்தாள். சேந்தன் குதித்த அதே இடத்தில் குதித்தாள், அவன் நின்ற இடத்தில் நின்றாள். கிட்டார் உச்சிக்கு ஏறும் இடத்தில் இருவரும் ஒரே நேரத்தில் மூச்சைப் பிடித்தார்கள். பதினைந்து வருடம் காத்திருந்தது கடைசியில் கிடைத்தே விட்டது. அவன் மகளைத் தூக்கிச் சுற்றினான். இதைவிட ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்?

இரண்டாவது முறை வைத்தபோது தும்பை அவன் முகத்தைப் பார்த்தாள்.

"அப்பா, நீயும் பாடு."

பாடினான். அவள் காத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "பாடு அப்பா" என்றாள் மறுபடியும்.

"பாடிக்கிட்டுத்தானம்மா இருக்கேன்."

அவள் அவன் வாயைப் பார்த்தாள். வாய் அசைகிறது. குரலும் வருகிறது. வழக்கம்போல அவன் முதுகுப் பக்கம் போய்க் காதை அமுக்கிக்கொண்டாள். அங்கேயும் அதே குரல்தான், சுருதி பிசகாமல், தட்டில் பாடுகிறவரின் குரலோடு ஒட்டிப்போய். சேந்தன் நிறுத்திவிட்டுத் திரும்பினான்.

"இது நீ இல்ல," என்றாள் தும்பை. "இது பாட்டுல இருக்கற மாமா. நீ எங்க?"

அவன் தட்டை நிறுத்தினான். தனியாகப் பாடிக் காட்டினான். வேண்டுமென்றே தப்பாகப் பாடினான். கத்தினான், இழுத்தான், உளறினான். எதைச் செய்தாலும் இரண்டு பேர் காதிலும் அது அழகாகத்தான் விழுந்தது. தும்பை உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, நீ அந்த மாமா மாதிரியே பாடற, எனக்கு உன் பாட்டு வேணும் என்று அழ ஆரம்பித்தாள். அழுகையும் மெதுவாகத்தான் கேட்டது.

மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் சேந்தன் ஊராட்சிக் கொட்டடிக்குப் போனான். நான்கு தாய்மாமன்களும் சுவரோரமாக நின்றிருந்தார்கள். பிள்ளை வளர்ந்து கல்யாணத்துக்கும் அதே மாமாதான் வர வேண்டும் என்பதால் அவர்களுடைய ஞாபகத்தை ஊராட்சி அழிப்பதில்லை. மாமாக்களுக்குச் செவிமணியும் கிடையாது. ஊரில் சின்னப் பிள்ளைகளை விட்டால் உள்ளதை உள்ளபடி கேட்கிற காது அவர்களுடையதுதான். சேந்தன் தன் மாமாவைக் கண்டுபிடித்து, நேற்று நிலையத்தில் தான் பாடியதைக் கேட்டீர்களே, அதைத் திருப்பிப் போட முடியுமா என்று கேட்டான்.

மாமா போட்டார். சேந்தன் காதில் கொதிகலன் ஜம்மென்று ஒலித்தது. வேறென்ன ஒலிக்கும்?

"வாயால சொல்லுங்க மாமா. எப்படி இருந்துச்சு?"

"ஒரு பேப்பர் கிழிஞ்சு அதிருது மாப்ள. ஒருத்தர் தொடையில தட்டறாரு. பாடவும் பாடறாரு. அது சரியா வரல. ஆலை இரைச்சல்ல அவ்வளவா கேக்கவும் இல்ல. பாப்பா சத்தம்தான் பெருசு."

"அவ சத்தமே போடலியே. சிரிக்கத்தானே செஞ்சா?"

"சிரிச்சுக்கிட்டே கத்துச்சு மாப்ள. சத்தமா பாடு அப்பா, சத்தமா பாடு அப்பான்னு, தொண்டை கிழிய. இரைச்சலுக்கு மேல உங்க குரலைக் கேக்கணும்ல."

சேந்தன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். மூன்று வாரமாக அவன் காதில் விழுந்ததெல்லாம் ஒரு கிசுகிசுப்பு. "நான் இருக்கேன்ல மாப்ள," என்றார் மாமா. அவருக்குத் தெரிந்த ஆறுதல் அது ஒன்றுதான்.

பிள்ளைகள் எதற்கும் பழகிவிடுவார்கள். தும்பையும் பழகினாள். பத்து நாளில் அழுகை நின்றது. ஒரு மாதத்தில் கிர்ர் பாட்டு என்ற பேச்சே போய்விட்டது. கொதிகலனைக் கேட்கத் தட்டு எதற்கு, கருவி எதற்கு, நினைத்தால் மணியே பாடும் என்பதையும் கண்டுபிடித்துவிட்டாள். அப்பா வேலை முடிந்து வரும்போது அவள் கூடத்தில் ஒரு மூலையில் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருப்பாள். சேந்தன் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்துக்கொண்டு நிற்பான். பிறகு இன்னொரு மூலையில் போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வான். பாட்டு ஒன்றுதான். அவள் நடுவில் இருப்பாள், இவன் அப்போதுதான் ஆரம்பித்திருப்பான். வாகினி அந்தப் பக்கம் போகும்போது, அப்பாவும் மகளும் அச்சு அசல் ஒரே மாதிரி என்று சிரித்துக்கொள்வாள்.

அந்த மாதக் கடைசியில் செவிமணி நிலையத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. எல்லாருக்கும் வருவதுதான். ஒரே ஒரு கேள்வி. குழந்தையின் விருப்பம் காக்கப்பட்டதா? கீழே சின்ன எழுத்தில், பெற்றோர் நிரப்ப வேண்டியது.

சேந்தன் பேனாவை எடுத்தான். இதையாவது அவளிடம் கேட்டு எழுதலாம் என்று தோன்றியது. தும்பை என்று கூப்பிட்டான். அவள் மூலையில் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டான். அப்புறம் தொண்டை கிழியக் கூப்பிட்டான். அவள் திரும்பவில்லை. அவன் குரல் பாட்டுக்குள் எங்கேயோ சுருதியோடு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

கட்டத்தில் 'ஆம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.